புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள்: பனம்பழம், தொய்யக்கீரை, கிழங்குப் பாத்தி

2023இல் நான் போட்ட பனங்கிழங்குப் பாத்தி சரியாக வரவில்லை. முழங்கை நீளத்துக்கு இறங்க வேண்டிய கிழங்கு, சாண் நீளத்திலேயே வளைந்து நின்றுவிட்டது. பிடுங்கும்போது பாதிக்கு மேல் முறிந்தது. அதனால் 2024 ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன்: இந்தத் தடவை பழம் பொறுக்குவதில் ஆரம்பித்து கிழங்கு பிடுங்குவது வரை மாமா சொல்கிறபடியே செய்ய வேண்டும், ஒவ்வொன்றையும் எண்ணி நோட்டில் குறிக்க வேண்டும். அந்த நோட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா பிறந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், விளாத்திகுளத்துக்கும் வேம்பாருக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே கரிசல், கிழக்கே கடல் பக்கம் போகப் போக மண்ணில் மணல் கூடும், பனையும் கூடும். மாமா ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் பனை ஏறியவர். இப்போது ஏறுவதில்லை. ஆனால் எந்தப் பனை எப்போது பழம் தள்ளும், எந்தப் பனையின் பழம் கசக்கும் என்பதெல்லாம் மரம் மரமாக அவருக்குத் தெரியும்.

அக்டோபர் 12, சனிக்கிழமை. புரட்டாசி 26. முந்தின வாரத்தில் இரண்டு நாள் சாயங்கால இடிமழை பெய்து நிலம் நனைந்திருந்தது. பனம்பழம் ஆடியிலிருந்தே விழ ஆரம்பித்துவிடும். புரட்டாசி முடிவது கடைசிக் கட்டம். ஐப்பசியில் அடைமழை பிடிப்பதற்குள் கொட்டை மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பதால், கிழங்குக்குப் பொறுக்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

விடிவதற்கு முன்பே மாமா எழுப்பிவிட்டார். "மாப்ள, வெயிலு ஏறிட்டா ஆடும் மாடும் முந்திக்கிடும். எந்திரி." ராத்திரி விழுந்த பழத்துக்குத்தான் மதிப்பு. காலையில் எடுத்தால் கெட்டியாக, மணமாக இருக்கும். மதியம் வரை வெயிலில் கிடந்தால் வெடித்த இடத்தில் வண்டு நுழைந்துவிடும், புளித்த வாடை வந்துவிடும். பனங்காட்டுக்குள் போவதற்கு முன்னாலேயே அந்த மணம் நமக்கு வந்துவிடுகிறது. அதை முகர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முகராதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பழுத்த பலாவோடு லேசாகக் கருகிய வெல்லம் சேர்ந்த மாதிரி இருக்கும் என்று என் மகள் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயது, மதுரையிலேயே வளர்கிறவள், பனம்பழத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையில் எடுத்தாள்.

முதல் பாடம் நிற்கிற இடம். மரத்தின் நேர் அடியில் நின்று பொறுக்கக் கூடாது. ஒரு பழம் ஒன்று, ஒன்றரைக் கிலோ இருக்கும். நாற்பது, ஐம்பதடி உயரத்திலிருந்து வருகிறது. மாமா ஒவ்வொரு மரத்துக்கும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். குலையில் பழுத்தது இன்னும் நிற்கிறதென்றால் ஓரத்தில் உருண்டு கிடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். காற்று வீசும்போது வெட்டவெளிக்கு வந்துவிட வேண்டும். நாங்கள் இருந்தபோதே இரண்டு பழம் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகு மகள் யாரும் சொல்லாமலே மேலே பார்த்து நடந்தாள்.

இரண்டாவது பாடம், எதை எடுப்பது என்பது. தோல் நன்றாகக் கறுத்திருக்க வேண்டும், அடிப்பக்கம் செம்மஞ்சள் தெரிய வேண்டும், தானாக விழுந்ததாக இருக்க வேண்டும். கிழங்குக்கு என்றால் இது ரொம்ப முக்கியம். முற்றாமல் வெட்டிப் போட்ட காயின் கொட்டை முளைக்காது. வெடித்த பழம் தின்பதற்கு ஆகாவிட்டாலும் கொட்டைக்கு ஆகும், அதனால் அதையும் விடவில்லை. தனிச் சாக்கில் போட்டோம்.

எட்டு மணிக்குள் 64 பழம் சேர்ந்தது. மூன்று சாக்கு. டிவிஎஸ் 50இல் மூன்று நடை அடித்தேன். காட்டுக்காரர் மாமாவுக்கு உறவு, நாங்கள் வருவதைச் சொல்லியிருந்தோம். அவர் காட்டில் மட்டும் இன்னும் நூற்றுக்கணக்கில் அழுகிக் கிடந்தது. "எங்க காலத்துல இந்த நேரத்துக்கு ஒரு பழம் தரையில கெடக்காது" என்றார் மாமா. இத்தனை சாப்பாடு ஒரு ஊர் எல்லைக்குள் மண்ணோடு மட்கிப் போகிறது என்பது எனக்கு அன்றைக்கு முழுக்க மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

திரும்பி வரும்போது அத்தை கம்பங்கொல்லை வரப்பில் நின்றாள். மடியில் கீரை. மழைக்குப் பிறகு கொல்லையில் தானாக முளைக்கும் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் இந்தப் பருவத்தில்தான் இளசாகக் கிடைக்கும். பூவெடுத்துவிட்டால் நார் ஓடிவிடும். பண்ணைக்கீரையில் வெளிர்ச் சிவப்புக் கதிர் வருவதற்கு முன்னால் நுனியில் நாலு இலையைக் கிள்ள வேண்டும். தொய்யக்கீரையின் கொழுந்தும் அப்படித்தான். அத்தை ஒரு புஞ்சைக்கு வந்ததும் சட்டென்று திரும்பிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "அங்கன களைக்கொல்லி அடிச்சிருக்கான்யா. கீரை பச்சையாத்தான் தெரியும், நாலு நாள்ல கருகும். கேக்காம ஒரு எலையும் கிள்ளக் கூடாது." முன்பெல்லாம் வரப்பில் வளர்வது எல்லாருக்கும் பொது. இப்போது பறிக்கிற ஆள் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. நீங்களும் எங்கே கீரை பறித்தாலும் இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வேலியில் கிடந்த முடக்கத்தானில் ஒரு கை, தூதுவளையில் ஒரு கை (முள் பார்த்து), கோவைக்காய் ஒரு படி. அவ்வளவுதான் கொண்டுவந்தோம்.

மதியச் சாப்பாட்டை ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கீரையையும் கலந்து, பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, வத்தல், கொஞ்சம் புளி சேர்த்து மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்தாள் அத்தை. கம்பஞ்சோறு. மகள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

இனி பழம். தின்பதற்கு நல்லதாகப் பத்தைப் பிரித்தோம். நான்கைச் சுட்டோம், ஆறில் கூழ் எடுத்தோம்.

சுடுவது எளிது. காய்ந்த பனைமட்டையை எரித்துக் கங்காக்கி, பழத்தை அதில் புரட்டிப் புரட்டி வைக்க வேண்டும். தோல் கருகி வெடித்து, உள்ளிருந்து மஞ்சள் சாறு நுரைத்து வரும்போது எடுத்துவிடலாம். கருகிய தோலை உரித்து, கொட்டை கொட்டையாகப் பிளந்து கையில் வைத்துச் சப்ப வேண்டியதுதான். நார் பல்லில் மாட்டும். மாமா பழம் முடிந்தபிறகும் கொட்டையைக் கீழே போடாமல் அரைமணி நேரம் சப்பிக்கொண்டிருந்தார்.

கூழ் எடுப்பதில்தான் வேலை இருக்கிறது. பழத்தைக் கழுவி, காம்புப் பக்கத்தில் தொப்பி மாதிரி ஒட்டியிருக்கும் இதழ்களைப் பிடுங்கி எடுத்துவிட்டு, கறுப்புத் தோலை நார் நாராகக் கிழித்தோம். உள்ளே ஒரு கொட்டையோ இரண்டோ மூன்றோ இருக்கும். தனித்தனியாகப் பிரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். வெறுங்கையால் பிசைந்து பார்த்தேன், ஒரு பழத்துக்குக் கால்மணி நேரம் ஆனது. பிறகு மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன் முதுகில் கொட்டையைத் தேய்த்தேன். கூடையின் சொரசொரப்பில் நாரெல்லாம் கொட்டையோடு நின்றுவிட்டது, கூழ் மட்டும் அடியில் வைத்திருந்த சட்டிக்குள் விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் ஒரு பழம் முடிந்தது. தண்ணீரை அள்ளி ஊற்றிவிடாதீர்கள், கை நனைகிற அளவு போதும். ஆறு பழத்தில் வடிகட்டிய கூழ் ஒன்றரை லிட்டர் வந்தது.

இதில் ஒரு தவறு செய்தேன். பாதிக் கூழில் கருப்பட்டிப் பாகை முதலிலேயே ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டேன். அது இறுகி, பார்க்க நன்றாக வந்தது; வாயில் வைத்தால் கடைசியில் ஒரு கசப்பு. பனம்பழக் கூழுக்குள்ளேயே கசப்புப் பொருள் இருக்கிறது, மரத்துக்கு மரம் கூடும், குறையும். மீதிப் பாதியை அத்தை வெள்ளைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டாள். துணியிலிருந்து சொட்டிய தண்ணீரை நக்கிப் பார்த்தேன், கசப்பு அதில் இறங்கியிருந்தது. அப்புறம் கூழை மட்டும் இரும்புச் சட்டியில் சிறுதீயில் பச்சை வாடை போகும் வரை கிண்டி, அதற்குப் பிறகே கருப்பட்டி. ஆறியதும் பச்சரிசி மாவும் சுக்கும் ஏலமும் சேர்த்து, கையால் கிள்ளிக் கிள்ளி நல்லெண்ணெயில் போட்டு எடுத்தாள். யாழ்ப்பாணத்தில் பனங்காய்ப் பணியாரம் என்று செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே மிஞ்சிய கூழைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டாக எடுத்து வைப்பார்கள். எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் இல்லை. அடுத்த வருஷம் ஒரு பாய் ஊற்றிப் பார்க்க எனக்கு ஆசை.

சாயங்காலம் கொட்டைகளைப் பிரித்து எண்ணினோம். மூன்று கொட்டைப் பழம் 38, இரண்டு கொட்டை 18, ஒற்றைக் கொட்டை 8. மொத்தம் 158 கொட்டை. பாத்திக்குப் போகிற கொட்டையைப் பளபளவென்று கழுவ வேண்டியதில்லை, ஆனால் சதையோடு புதைத்தால் எறும்பும் பன்றியும் தேடி வரும். சதையை வழித்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தோம். 20 கொட்டையைத் தனியாக எடுத்து வைத்தார் மாமா. மீதி 138 பாத்திக்கு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பாத்தி வேலை. என் பழைய பாத்தி ஏன் கெட்டது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பனங்கொட்டை மற்ற விதைகளைப் போல இருந்த இடத்திலேயே செடியாகாது. கொட்டையின் கண்ணிலிருந்து ஒரு தண்டு கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்குகிறது. அதன் நுனிக்குள்தான் செடியின் உயிர் இருக்கிறது. அது ஆழத்துக்குப் போனபிறகு, கொட்டைக்குள் இருக்கும் சத்தையெல்லாம் இந்தத் தண்டு வழியாகக் கீழே இழுத்துச் சேமித்து வைப்பதுதான் கிழங்கு. மேலே தீப்பிடித்தாலும் ஆடு மேய்ந்தாலும் கோடை காய்ந்தாலும் பனங்கன்று பிழைப்பதற்கு அதுதான் காரணம். அந்த நுனி இறங்கும் வழியில் கெட்டித் தரை வந்தால் கிழங்கு வளைந்துவிடும். 2023இல் நான் கரிசல் கட்டாந்தரைமேல் ஒரு அடி மட்டும் மண்ணைக் குவித்திருந்தேன். தண்டு ஒரு அடியில் தரையை முட்டி நின்றுவிட்டது.

இந்தத் தடவை ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம். அரை டிராக்டர் பெட்டி மண் பிடித்தது. மாமாவின் தோட்டத்துக் கிழக்கு மூலையிலிருந்து மணல் கலந்த செம்மண். கல்லும் வேரும் பொறுக்கிச் சலித்தோம். கீழ்த் தரையையும் கடப்பாரையால் அரையடி கொத்திவிட்டோம். பக்கவாட்டில் மண் சரியாமல் இருக்கக் கருக்குமட்டையை நெருக்கமாக ஊன்றினோம். மண்ணை மிதிக்கக் கூடாது. மகள் மேலே ஏறிக் குதிக்கப் பார்த்தாள், மாமா தூக்கி இறக்கிவிட்டார்.

கொட்டைகளை ஒன்றையொன்று தொடுகிற மாதிரி ஒரே அடுக்காக, கண் கீழே பார்க்க அடுக்கினோம். ஏற்கெனவே முளை தட்டியிருந்த சில கொட்டைகளை வைத்துக் கண் எந்தப் பக்கம் என்று மாமா காட்டிக் கொடுத்தார். சந்தேகமான கொட்டையைப் படுக்க வைத்தால் போதும், முளை தானாகக் கீழே திரும்பிக்கொள்ளும். விற்பனைக்குப் போடுகிறவர்கள் இரண்டு, மூன்று அடுக்கு அடுக்குவார்கள். வீட்டுக்கு ஒற்றை அடுக்கே நல்லது என்பது மாமாவின் கட்சி. கிழங்கு ஒன்றோடொன்று பின்னாது, பிடுங்குவது சுலபம். மேலே மூன்று விரல் கனத்துக்கு மண், அதற்குமேல் பழைய ஓலை. இரண்டு குடம் தண்ணீர் தெளித்தோம். மழை வரும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் அத்தை தெளிப்பதாக ஏற்பாடு. அந்த வாரமே, 15ஆம் தேதி, வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை ஆய்வு மையம் அறிவித்தது. அத்தைக்கு ஒரு தடவைதான் குடம் தூக்க வேண்டியிருந்ததாம்.

மாமா எடுத்து வைத்த 20 கொட்டையும் கண்மாய்க்கரைக்குப் போயின. பத்தடிக்கு ஒன்று, முழங்கை ஆழத்தில் குழி. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் வரிசையாக வெட்டுண்ட அடிமரங்கள். சூளைக்குப் போனவை. 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும், 76 லட்சம் பனை விதைகள் கொடுப்போம் என்றும் அறிவித்தார்கள். அதைக் கேட்டு மனதார மகிழ்ந்தவன் நான். எதிர்க்கரையில் இருந்தவை அதற்கு முன்பே போனவை என்றார் மாமா. ஒரு பனை ஆணா பெண்ணா என்பதே பாளை விட்ட பிறகுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். அவர் இதைச் சொல்லிக்கொண்டே அடுத்த குழியைத் தோண்டினார்.

நவம்பர் 2. தீபாவளிக்குப் போனவன் ஓரத்துக் கொட்டை ஒன்றை மெதுவாக ஒதுக்கிப் பார்த்தேன். 20 நாளில் தண்டு ஒரு சாண் இறங்கியிருந்தது. இன்னொரு கொட்டையை வெட்டினோம். உள்ளே கெட்டியாக இருந்த பருப்பு குறைந்து, நடுவில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரித் தவுண். சில ஊரில் பூரான் என்பார்கள். இளநீர் வழுக்கையும் ஆப்பிளும் கலந்தது போல, மெல்லிய இனிப்பு. மகள் இன்னொன்று கேட்டாள். கிழங்கு குறையும் என்று சொல்லி நிறுத்தினேன்.

டிசம்பர் 14. முந்தின நாள் கார்த்திகைத் தீபம், விளக்கு ஏற்ற முடியாத மழை. ஓலைக் கொழுக்கட்டை மட்டும் நடந்தது. பாத்தியைப் பார்க்கப் போனால் தென்கிழக்கு மூலை சரிந்திருந்தது. மழைதான் என்று நினைத்தேன். மாமா குனிந்து வளையைக் காட்டினார். பெருச்சாளி. அந்த மூலையில் 14 கொட்டை போய்விட்டது. வளையை அடைத்து, சுற்றிலும் வேலிக்கருவை முள்ளை வெட்டி அரையடி ஆழத்துக்குப் புதைத்தோம். அதற்குப் பிறகு வரவில்லை. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்; நோட்டில் இதற்கு அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

2025 ஜனவரி 12, ஞாயிறு. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, 91ஆம் நாள். இன்னும் ஒரு மாதம் விட்டால் கிழங்கு தடிக்கும், ஆனால் பொங்கலுக்கு வேண்டும். கருக்குமட்டைகளைப் பிடுங்கிவிட்டு, மண்வெட்டியை மேலிருந்து போடாமல், பாத்தியின் ஒரு பக்கத்தைச் சுவர் மாதிரி அறுத்துக்கொண்டு உள்ளே போனோம். மண் தானாகச் சரிந்து கிழங்கு வரிசையாகத் தெரிந்தது. கையாலேயே எடுத்தோம். 138இல் பெருச்சாளி தின்றது 14, முளைக்காமலும் அழுகியும் போனதும் தவுணுக்கு வெட்டியதும் சேர்த்து 23, கையில் வந்தது 101. முறிந்தது மூன்றுதான். பெரும்பாலும் ஒரு அடிக்குக் குறையாமல் நேராக இறங்கியிருந்தது.

வேகவைப்பதில் பெரிய நுணுக்கம் இல்லை. மேல்தோலை உரித்துக் கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டு, பானையில் முக்கால் மணி நேரம். ஆறியதும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் பீலியை எடுத்துவிட்டு, நாரை உரித்துத் தின்ன வேண்டும். அத்தை கொஞ்சத்தை இடித்து, தேங்காய்த் துருவலும் மிளகும் உப்பும் சேர்த்து உருண்டை பிடித்தாள். பக்கத்து வீடுகளுக்கு ஐந்து ஐந்தாகக் கொடுத்தோம். 20 கிழங்கை மதுரைக்குக் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்துக்கு இரண்டை எடுத்துப் போன மகள், அதன் பெயரே தெரியாத தோழிகளுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆடியில் மறுபடி போனபோது கண்மாய்க்கரைக்கு நேராகப் போனேன். 20 குழியில் ஏழில் குருத்து வந்திருந்தது. விரியாத ஒற்றை ஓலை, வாள் மாதிரி நேராக, ஒரு சாண் உயரம். மாமா அதற்குள் ஏழையும் சுற்றி முள் வைத்திருந்தார். மீதிப் பதின்மூன்று குழியின் பக்கத்திலும் ஒரு கல் நட்டு அடையாளம் வைத்திருந்தார், அந்த வருஷப் புரட்டாசியில் மறுபடி கொட்டை போட.